ஆயத்தமும் மீட்பும்: யூதரின் மேசியா எதிர்பார்ப்பும் 1666 ஆம் ஆண்டும்

மேசியா என்னுஞ் சொல் தமிழ் வாசகர் பலருக்குக் கிறித்தவ வேதாகமத்தின் வழியாகவே அறிமுகமானது. அபிஷேகம் பெற்றவர் எனப் பொருள்படும் எபிரேயச் சொல்லொன்றின் திரிபே அது. கிறித்தவருக்கு மேசியா வந்துவிட்டவர்; யூதருக்கோ அவர் இனி வரவேண்டியவர். இவ்வேறுபாடு யாவரும் அறிந்ததே. ஆயின், இதிலிருந்து பிறக்கும் வினாவொன்று யூதரின் சமய வரலாற்றை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக அலைக்கழித்து வந்துள்ளமையை நாம் அதிகம் கவனிப்பதில்லை. வரவேண்டியவர் ஏன் இன்னும் வரவில்லை? இறைவன் குறித்த காலம் நிறைவெய்தவில்லையா, அன்றி மக்கள் ஆயத்தமாகவில்லையா?

இவ்வினாவின் இரண்டாம் பாதியே இக்கட்டுரையின் பொருளாகும். மீட்புக்கு மக்கள் உள்ளத்தால் ஆயத்தமாக வேண்டும் என்னுங் கருத்தை யூத ஞானியர் 'தெஷுவா' என்னும் சொல்லோடு இணைத்தனர். இச்சொல்லின் நேர்ப்பொருள் திரும்புதல் என்பதாகும். தமிழ் வேதாகமம் வழங்கும் 'மனந்திரும்புதல்' என்னும் தொடர், வேறெந்த விளக்கத்தினும் மேலாக இதன் பொருளை நமக்கு உணர்த்திவிடுகிறது. வெறுங் கழிவிரக்கம் அன்று. வழிதவறியவன் வந்த வழியே மீளுதல். ஒருவன் திரும்பலாம், ஒரு மக்களினம் முழுவதும் ஒருங்கே திரும்புதல் கூடுமா? கூடின், அதன் விளைவு யாது? 1666 ஆம் ஆண்டு வரையில் இது பெரும்பாலும் ஏட்டளவிலான வினாவாகவே இருந்தது. அவ்வாண்டிலே அது சோதனைக்குள்ளாயிற்று.

கி.பி. 70 இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தபோது பலி வழிபாடு நின்றுபோயிற்று. இழந்ததை வாளால் மீட்க முயன்றோரும் இருந்தனர். கி.பி. 132 இல் சீமோன் பார் கொசிபா என்பான் யூதேயாவிலே கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினான். அக்காலத்துப் பேரறிஞரான ரபி அக்கிபா அவனையே மேசியா எனக் கொண்டார் என்றும், விண்மீனின் மகன் எனப் பொருள்படும் பார் கொக்பா என்னும் பெயர் அவனுக்கு வழங்கியது என்றும் மரபு கூறும். அக்கிபாவின் கூற்றைக் கேட்ட மற்றொரு ரபி, அக்கிபாவின் கன்னத்திலே புல் முளைத்த பின்னரும் தாவீதின் மகன் வந்திருக்கமாட்டான் என ஏளனஞ் செய்தார் எனவும் அதே மரபு பதிவு செய்துள்ளது. 1960 அளவில் யூதேயப் பாலைவனக் குகைகளிலே யிகாயல் யாதின் குழுவினர் கண்டெடுத்த கடிதங்களில் இத்தலைவனின் குரலையே நாம் கேட்கிறோம். கட்டளைக்குப் பணியாதாரைக் கடிந்துரைக்கும் அவன், போரின் நடுவிலும் கூடாரத் திருவிழாவுக்கு வேண்டிய பேரீச்ச ஓலைகளையும் நாரத்தையினப் பழங்களையும் சேகரித்து அனுப்புமாறு கேட்கிறான். சமயக் கடமைகளை ஒதுக்கிய போர்வீரன் அல்லன் அவன். எனினும் கி.பி. 135 இல் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. 985 ஊர்கள் பாழாயின என்றும், 580,000 பேர் கொல்லப்பட்டனர் என்றும் தியோ காசியஸ் என்னும் உரோம வரலாற்றாசிரியர் எழுதினார். எண்கள் மிகையாயினும் அழிவு மிகையன்று.

பாபிலோனியத் தல்மூட்டின் சன்ஹெட்ரின் பகுதியிலே மேசியாவின் வருகைபற்றித் தொகுக்கப்பட்டுள்ள உரையாடல்களை இவ்வழிவின் நிழலிலே வைத்தே வாசித்தல் வேண்டும். அங்கே ரபி எலியேசரும் ரபி யோசுவாவும் வாதிடுகின்றனர். மக்கள் மனந்திரும்பின் மீட்கப்படுவர், இன்றேல் இல்லை என்பது எலியேசரின் நிலை. யோசுவா இதனை ஏற்றிலர். அவர்கள் திரும்பாவிடின், ஆமானைப் போன்ற கொடுங்கோலன் ஒருவனை இறைவன் எழுப்புவார். அவனது கொடுமையால் அவர்கள் திரும்புவர் என்கிறார். பின்னர் இருவரும் வேத வசனங்களை மாறிமாறி எடுத்துக் காட்டுகின்றனர். ஈற்றில் யோசுவா தானியேல் நூலிலிருந்து குறித்த காலத்தைப் பற்றிய வசனமொன்றைச் சுட்ட, எலியேசர் மௌனமாகிறார். அவர் ஒப்புக்கொண்டார் என்றோ தோற்றார் என்றோ நூல் கூறவில்லை. மௌனமானார் என்ற அளவில் நின்றுவிடுகிறது. பிற்காலத்தார் ஒவ்வொருவரும் இம்மௌனத்துக்குத் தத்தம் பொருளை ஏற்றிக்கொள்ள இது வழிவகுத்தது என்பது என் கருத்து.

மூன்றாம் நூற்றாண்டிலே பாபிலோனியாவில் வாழ்ந்த ராவ், சாமுவேல் என்போரிடையேயும் இவ்வாதம் தொடர்ந்தது. கணிக்கப்பட்ட காலங்கள் யாவும் கடந்துவிட்டன, இனி எல்லாம் மனந்திரும்புதலிலும் நற்செயலிலுமே தங்கியுள்ளது என்றார் ராவ். துக்கங் காப்பவன் தன் துக்கத்தில் நிலைத்திருத்தலே போதும் என்றார் சாமுவேல். சாமுவேலின் கூற்று சுருக்கமானது. ஆனால் அதில் ஓர் எதிர்ப்புக் குரல் ஒலிக்கிறது. நாடிழந்து, ஆலயமிழந்து, அந்நியர் ஆட்சியில் வாடும் மக்களை நோக்கி, நீங்கள் போதிய அளவு நல்லவர்களாக இல்லாமையாலேயே இத்துன்பம் நீடிக்கிறது எனக் கூறுதல் நீதியாகுமா? துன்பமே ஆயத்தமாகாதா? ஆயத்தக் கொள்கையின் மிகக் கூர்மையான மறுப்பை அக்கொள்கை பிறந்த ஏட்டிலேயே காணமுடிகிறது.

அதே பகுதியில் வரும் கதையொன்றையும் குறிப்பிடாமல் அப்பாற் செல்ல இயலாது. ரபி யோசுவா பென் லேவி, மேசியாவை உரோமாபுரியின் வாயிலிலே நோயுற்ற ஏழைகளின் நடுவே காண்கிறார். ஏனைய நோயாளர் தம் புண்கட்டுகள் அனைத்தையும் ஒருங்கே அவிழ்த்துப் பின் ஒருங்கே கட்டுகின்றனர். மேசியாவோ ஒரு கட்டை அவிழ்த்து, அதைக் கட்டிய பின்னரே அடுத்ததை அவிழ்க்கிறார்; அழைப்பு வருங்கணத்தில் தாமதம் நேரலாகாது என்பதே காரணம். எப்போது வருவீர் என்ற வினாவுக்கு இன்றே என விடையிறுக்கிறார். அன்று அவர் வரவில்லை. பொய்யுரைத்தாரே என ரபி முறையிட, மக்கள் இறைவனின் குரலுக்குச் செவிசாய்ப்பராயின் இன்றே என்பதே அவ்விடையின் முழுப்பொருள் என எலியா தீர்க்கதரிசி விளக்குகிறார். இக்கதையிலே ஆயத்தமாகக் காத்திருப்பவர் மேசியாவே. காக்க வைப்போர் மக்கள்.

ஆயத்தக் கொள்கை ஒரு தடுப்பணையாகவும் தொழிற்பட்டது. மீட்பு மனந்திரும்புதலில் தங்கியுள்ளதாயின், வாளேந்துவோனுக்கும் நாட்கணிப்போனுக்கும் அதில் இடமில்லை. முடிவுகாலத்தைக் கணிப்போரைத் தல்மூட் சபிக்கவும் செய்கிறது. மக்கள் செய்யவேண்டியது ஓய்வுநாளைக் காத்தல், ஏழைக்கு ஈதல், கற்றல் என்றாகிறது. இரண்டு ஓய்வுநாட்களை முறைப்படி கைக்கொண்டாலே உடனே மீட்கப்படுவர் என்னுங் கூற்றும் அங்குண்டு. கேட்பதற்கு எளிது; ஆயின் ஒருவர் விடாது ஒரு மக்களினம் முழுவதும் என எண்ணும்போது அதன் அருமை புலப்படும். மீட்பை இத்துணை அண்மையிலும் இத்துணைச் சேய்மையிலும் ஒருங்கே நிறுத்திவைத்ததே ரபிமாரின் திறன்.

மைமோனிடிஸ் (1138–1204) இரு கட்சியையும் ஒரு வாக்கியத்துள் அடக்கினார் எனலாம். மனந்திரும்புதலாலன்றி மீட்பில்லை, ஆயின் இறுதியில் அவர்கள் திரும்புவர் என இறைவேதமே வாக்களித்துள்ளது என்றார். முற்கூற்று எலியேசருடையது, பிற்கூற்றில் யோசுவாவின் உறுதி ஒலிக்கிறது. 1172 அளவில் யேமன் நாட்டு யூதர் மதமாற்ற நெருக்கடிக்குள்ளாகி, மேசியா எனத் தன்னைக் கூறிக்கொண்ட ஒருவன்பால் ஈர்க்கப்பட்டபோது, எகிப்திலிருந்து அவர் எழுதிய நிருபம் நாட்கணிப்பையும் போலி மேசியாக்களையும் கண்டித்து அவர்களை நிதானப்படுத்த முயன்றது.

அணை முதலில் கசியத் தொடங்கியது 1492 இல் ஸ்பானியாவிலிருந்து யூதர் வெளியேற்றப்பட்ட பின்னராகும். 1502 இல் வட இத்தாலியப் பகுதியிலே ஆஷர் லெம்லைன் என்பவர், யூதர் அவ்வாண்டிலே மனந்திரும்பினால் மேசியா வருவார் என அறிவித்தார். ஜெர்மானிய நாடுகளிலும் மக்கள் நோன்பிருந்தனர். வரலாற்றாசிரியர் டேவிட் கான்ஸ் 1592 இல் வெளிவந்த தம் நூலிலே, தம் பாட்டனார் பாஸ்கா அப்பஞ் சுடும் அடுப்பை அவ்வாண்டில் இடித்துவிட்டார் எனக் குறித்துள்ளார். மறு ஆண்டு புனித நாட்டிலேயே அப்பஞ் சுடப்போகிறோம் என்பது அவரது நம்பிக்கை. மேசியா வரவில்லை. தத்துவ விசாரங்கள் எத்தனை இருப்பினும், நம்பிக்கையின் எடையை இவ்விடிந்த அடுப்பைப் போல உணர்த்துவன சிலவே.

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கலிலேயாவின் சபெத் நகர் மறைஞானிகளின் உறைவிடமாயிற்று. 1570 இல் அங்கு வந்து 1572 இல் மறைந்த ஐசாக் லூரியா, ஆயத்தம் என்னுங் கருத்துக்குப் புதிய பரிமாணமொன்றை அளித்தார். அவரது கப்பாலா மறைஞானத்தின்படி, படைப்பின் தொடக்கத்திலேயே இறையொளியைத் தாங்கிய கலங்கள் உடைந்து, ஒளிப்பொறிகள் உலகெங்கும் சிதறின. கைக்கொள்ளும் ஒவ்வொரு கட்டளையும் சொல்லும் ஒவ்வொரு மன்றாட்டும் ஒரு பொறியை மீட்டெடுக்கிறது. இச்சீராக்கத்தைத் 'திக்குன்' என்பர். திக்குன் முற்றுப்பெறும்போது மேசியா தோன்றுவார். அவர் அதனைச் செய்பவரல்லர், அது நிறைவேறியதற்கு அடையாளமாக வருபவர். நாடிழந்த எளிய மனிதனின் அன்றாட வழிபாடு அண்டத்தையே செப்பனிடும் பணியாகிறது. நள்ளிரவில் எழுந்து ஆலயத்தின் அழிவுக்காகப் புலம்பும் வழக்கமும் இவர்களாற் பரவிற்று.

சபத்தாய் ஸெவி 1626 இல் ஸ்மீர்னாவிலே பிறந்தவர். மிகுந்த உவகைக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் இடையே ஊசலாடிய இவர், சமய விதிகளை வேண்டுமென்றே மீறியமையால் தம் நகரிலிருந்தும் பின்னர் சலோனிக்காவிலிருந்தும் விலக்கப்பட்டவர். 1665 இல் தம் உளநோய்க்குப் பரிகாரந் தேடி, காசாவிலிருந்த நாத்தான் என்னும் இளம் மறைஞானியிடம் சென்றார். இருபது வயதைச் சற்றே கடந்திருந்த நாத்தான் அவரை நோயாளியாகக் காணவில்லை, மேசியாவாகக் கண்டார். மே மாத இறுதியில் அவ்வறிவிப்பு வெளியாயிற்று. ஒரு தீர்க்கதரிசியும் ஒரு மேசியாவும் ஒருங்கே தோன்றியமை முன்னைய இயக்கங்களில் காணாத புதுமையாகும்.

நாத்தான் படை திரட்டுமாறு எவரையுங் கோரவில்லை. மனந்திரும்புங்கள் என்றார். அதற்கென நோன்பு விதிகளையும் மன்றாட்டுகளையும் வகுத்தார். அவை அம்ஸ்டர்டாம் முதலிய நகரங்களிலே அச்சேறிப் பரவின. 1665–66 குளிர்காலத்திலே யேமன் முதல் போலந்து வரையிலும், மொரோக்கோ முதல் பாரசீகம் வரையிலும் நிகழ்ந்தவற்றை நோக்கின், ரபி எலியேசரின் நிபந்தனை நிறைவேறிவிட்டது என எவரும் எண்ணக்கூடியதாகவே இருந்தது. ஓய்வுநாள் முதல் ஓய்வுநாள் வரை உண்ணாதிருந்தோர் பலர். உறைபனியிலே வெற்றுடம்புடன் புரண்டனர். கழுத்தளவு மண்ணிலே புதைந்து கிடந்தனர். முள்ளால் உடலை வருத்தினர். பிறக்கவேண்டிய ஆன்மாக்கள் அனைத்தும் பிறந்து முடிந்த பின்னரே தாவீதின் மகன் வருவான் என்னும் பழங்கூற்றைப் பற்றிக்கொண்டு, சலோனிக்காவில் சிறாருக்கு அவசரமாக மணமுடித்தனர் எனவும் சமகாலக் குறிப்புகள் கூறும். செய்தி யூதரல்லாதாரையும் எட்டியது. இலண்டன் வேத்தியற் கழகத்தின் செயலாளரான ஹென்றி ஓல்டன்பேர்க் 1665 டிசம்பரில் தத்துவஞானி ஸ்பினோசாவுக்கு எழுதிய கடிதத்திலே இதுபற்றி வினவினார். அவ்வினாவுக்குரிய ஸ்பினோசாவின் மறுமொழி நமக்குக் கிடைக்காமற் போனமை பேரிழப்பே.

இவ்வெழுச்சிக்குக் காரணம் யாது? 1648 இல் உக்ரேனிலே தொடங்கிய கொசாக்குப் படுகொலைகளும் யூதரின் வறுமையுமே காரணம் என்பது எளிய விடை. துன்புறுவோரே மீட்பரைத் தேடுவர் என்னும் விளக்கம் நம்மிற் பலருக்கு உடன்பாடானதே. ஆயின் இங்கு அது போதாது. படுகொலையின் வாடையும் படாத அம்ஸ்டர்டாம் நகரின் செல்வரான ஆபிரகாம் பெரெய்ரா தம் செல்வத்தையே இயக்கத்துக்கு வழங்க முன்வந்து, புனித நாட்டை நோக்கிப் புறப்பட்டார். கெர்ஷம் ஷோலம் 1957 இல் எபிரேயத்திலும் 1973 இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த தம் பெருநூலிலே இதனைச் சுட்டி, லூரியாவின் மறைஞானம் எங்கும் பரவியிருந்தமையே பொதுக் காரணம் என்றார். அக்காலத்தில் லூரியாவின் கருத்துகளை அறிந்தோர் சிறு தொகையினரே என மோஷே இடெல் பின்னர் மறுத்தார். இடெலின் மறுப்பே வலுவுடையதெனத் தோன்றுகிறது. பனியிற் புரண்டவர்களுக்கு உடைந்த கலங்களைப் பற்றி யாது தெரிந்திருக்கும்? மனந்திரும்பினால் மீட்பு என்னும் தல்மூட்டுக் கூற்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதுவே போதுமானதாயிற்று. ஐபீரியாவில் கட்டாயத்தின்பேரில் கிறித்தவராய் வாழ்ந்து பின் அம்ஸ்டர்டாமிலும் ஹம்பேர்க்கிலும் வெளிப்படையாக யூதரானோருக்குத் 'திரும்புதல்' என்பது சமயச் சொல் மட்டுமன்று. அவர்தம் குடும்ப வரலாறே அது.

மக்களைக் கட்டுப்படுத்தக் கட்டிய அணையே இப்போது வெள்ளமாயிற்று. மனந்திரும்பினால் மீட்பு வரும் என்பது பழைய வாய்பாடு. மக்கள் இதோ மனந்திரும்புகின்றனர், ஆகவே மீட்பு வந்தேவிட்டது என்பது 1666 இன் வாய்பாடு. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்ல ஓரடி போதும். இயக்கத்தை எதிர்த்தோரின் இடர்ப்பாடும் இதிலேயே இருந்தது. இலண்டன் கொள்ளைநோய்க்கு அஞ்சி ஹம்பேர்க்கில் தங்கியிருந்த ரபி யாக்கோபு சாஸ்போர்த்தாஸ் கடிதங்கள்வழி இடையறாது எதிர்த்தார். சபத்தாயை ஐயுறலாம், ஊரார் நோன்பிருப்பதையும் தருமஞ் செய்வதையும் பழைய பகையை மறப்பதையும் எந்த ரபி தடுப்பார்? ஐயமுற்றோர் பலர் மனந்திரும்புதலைக் குலைக்க அஞ்சியே வாய்மூடியிருந்தனர். மேலும், அடையாளமோ அற்புதமோ வேண்டாது மேசியாவை நம்புதலே முதற்கடமை என நாத்தான் வலியுறுத்தினார். செயலாக இருந்த ஆயத்தம் நம்பிக்கையாக மாறியது. நம்பாதவனே மீட்பைத் தடுப்பவன் என்றானபோது, ஐயுற்றோரின் வீடுகள் சில இடங்களிலே தாக்குதலுக்குள்ளாயின.

ஹாமெல்ன் ஊரைச் சேர்ந்த கிளூக்கெல் (1646–1724) என்னும் பெண்மணி தம் மக்களுக்காக இத்திஷ் மொழியிலே எழுதிய நினைவுக் குறிப்புகள் இக்காலத்தை வீட்டுக்குள்ளிருந்து காட்டுகின்றன. அவருடைய மாமனார் தம் வீட்டை விட்டு நீங்கினார். ஹம்பேர்க்கிலிருந்த மகன் வீட்டுக்குப் பெரிய பீப்பாய்கள் இரண்டை அனுப்பினார். உள்ளே துணிகளும் பட்டாணி, அவரை, உலர்த்திய இறைச்சி முதலிய கெடாப் பண்டங்களும் இருந்தன. கப்பல் எந்நேரமும் ஹம்பேர்க்கிலிருந்தே புறப்படலாம் என்பது முதியவரின் எண்ணம். பீப்பாய்கள் ஓராண்டுக்கு மேல் அங்கேயே கிடந்தன. இறைச்சி பழுதாகித் துணியையும் கெடுக்கும் என அஞ்சிய பின்னரே, திறந்து உணவை எடுத்துவிடுமாறு முதியவர் எழுதினார். துணிகளோடு பீப்பாய்கள் மேலும் காத்திருந்தன. மொத்தம் மூன்று ஆண்டுகள் என்கிறார் கிளூக்கெல். ரபிமார் விவாதித்த ஆயத்தம் உள்ளத்தைப் பற்றியது. அது இங்கே மூட்டை கட்டுதலாக உருப்பெற்றமை நகைப்புக்குரியதன்று. உள்ளத்தின் ஆயத்தத்தைப் பிறர் காணவியலாது, பீப்பாயைக் காணலாம்.

சபத்தாய் 1666 பெப்ரவரியிலே மர்மராக் கடலில் கைதானார். கலிப்போலிக் கோட்டைச் சிறை அடியார் திரளும் அரண்மனைபோலாயிற்று. ஆலயத்தின் அழிவுக்குத் துக்கங் காக்கும் ஆப் மாதம் ஒன்பதாம் நாளை அவர் விழாவாக மாற்றினார். தம் பிறந்தநாளும் அதுவே என்றார். சாமுவேல் கூறிய துக்கங் காப்போனுக்குத் துக்கமே விலக்கப்பட்டது. செப்டம்பர் 16 ஆம் நாள் எதிர்னே நகரிலே சுல்தான் நான்காம் மெஹ்மெத்தின் அவையில் நிறுத்தப்பட்டு, மரணம் அல்லது இஸ்லாம் என்ற தெரிவு முன்வைக்கப்பட்டபோது, சபத்தாய் தலைப்பாகை அணிந்து அஸீஸ் மெஹ்மெத் எபெந்தி ஆனார். பத்தாண்டுகளின் பின் அல்பேனியக் கரையோரத்து ஊரொன்றிலே இறந்தார்.

மேசியா தழுவிய மதமாற்றத்துக்கும் நாத்தான் பொருள் கண்டார். மிக ஆழத்தில் சிக்கிய ஒளிப்பொறிகளை மீட்க மேசியாவே இருளுட் புகவேண்டியிருந்தது என்றார். 1683 இல் சலோனிக்காவில் சில நூறு குடும்பங்கள் அவரைப் பின்பற்றிப் புறத்தே முஸ்லிம்களாயின. துருக்கியர் தொன்மே என அழைத்த இச்சமூகம் 1923 ஆம் ஆண்டு மக்கட் பரிமாற்ற உடன்பாட்டின் பின் துருக்கிக்குப் பெயர்ந்தது. எஞ்சியோர் மௌனத்தை நாடினர். ஆவணங்கள் பல அழிக்கப்பட்டன. ஆப் ஒன்பது மீண்டும் துக்க நாளாயிற்று.

ஆயின் ஆயத்தக் கொள்கை இவ்வீழ்ச்சியிலே அழியவில்லை. 1691 அளவில், கணவரை இழந்த பின், எழுதத் தொடங்கிய கிளூக்கெல், அக்காலத்தை நினைந்து நாத்தானையோ சபத்தாயையோ சாடவில்லை. தம்மவரிடையே நிலவும் பொறாமையையும் காரணமற்ற பகையையும் நொந்துகொள்கிறார்; அயலாரை நேசித்திருந்தால் இறைவன் இரங்கியிருப்பார் என்கிறார். மக்கள் மனந்திரும்பியும் மீட்பு வரவில்லை என்பது சான்று காட்டிய முடிவு. மீட்பு வராமையால் மக்கள் உண்மையில் மனந்திரும்பவில்லை என்பது அவர் கண்ட முடிவு. எந்தத் தோல்வியாலும் பொய்ப்பிக்க இயலாத கொள்கை இது. தருக்க நோக்கிலே இதனைக் குறையெனலாம். ஒரு மக்களினம் 1666 இன் பின்னரும் சிதையாது நிலைத்தமைக்கு அதுவே துணையாயிற்று என்பதும் மறுக்கவியலாதது. அதன் விலையை, தம்மையே என்றும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்ட தலைமுறைகள் செலுத்தின.

பிற்கால வரலாறு தனிக் கட்டுரைக்குரியது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஹசித இயக்கம் மீட்பைப் பெரிதும் தனிமனிதனின் அகத்துள் வைத்தது. 1862 இல் ரபி ஸ்வி ஹிர்ஷ் காலிஷர், புனித நாட்டில் உழுது பயிரிடுதலே முதற் படி என வாதிட்டார். இருபதாம் நூற்றாண்டிலே ரபி கூக், சமயம் பேணாத குடியேறிகளின் உழைப்பிலும் மீட்பின் தொடக்கத்தைக் கண்டார். சத்மார் ரபி யோவேல் தைத்தல்பாம், மனந்திரும்புதலுக்கு முந்திய அரசு இறைவனுக்கு எதிரான கலகமே என 1961 இல் நூலெழுதினார். 1941 இல், ஐரோப்பிய யூதர் அழிக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையிலே, லுபாவிச் மரபின் தலைவர் யோசப் ஐசாக் ஷ்னீயர்சோன் உடனடி மனந்திரும்புதலையும் உடனடி மீட்பையும் இணைத்து அறைகூவல் விடுத்தார். அது ரபி யோசுவாவின் கொடுங்கோலன் கண்முன்னே நின்ற காலம். அவர்தம் மருமகனும் வழித்தோன்றலுமான மெனாகெம் மெண்டெல், 1991 ஏப்ரல் மாதத்து மாலையொன்றில், நியூயோர்க்கிலே, தம்மையே மேசியா என நம்பத் தலைப்பட்டிருந்தோரும் அடங்கிய கூட்டத்தினரை நோக்கி, தம்மால் இயன்றதனைத்தையும் தாம் செய்துவிட்டதாகவும் இனி அவர்களால் இயன்றதை அவர்களே செய்யவேண்டுமெனவும் கூறினார். அப்போது அவருக்கு வயது 89.